மெல்லிய செம்பு உறைகளை அளக்க உருண்டைமுனை மைக்ரோமீட்டர்

தடிமன் அளக்கும் திருகுக் கருவியான சாதாரண மைக்ரோமீட்டரின் தட்டையான முனை, குழாய் போன்ற உறையின் உட்புற வளைவில் படியாமல் இரு ஓரங்களில் மட்டும் தொடுவதால், சுவரின் தடிமனை எப்போதும் கூடுதலாகவே காட்டும். உருண்டைமுனை கொண்ட இந்தக் கருவியில் அந்தத் தொல்லை இல்லை. திருகின் புரியிடைத் தூரம் (ஒரு முழுச் சுற்றில் அது நகரும் தூரம்) 0.5 மி.மீ., சுழல் உருளையில் 50 கோடுகள். ஆகவே ஒரு கோடு 0.01 மி.மீ. ஆகிறது. ஒரே உறையைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்தபோது ஒரு பக்கம் 0.71, அதன் எதிர்ப்பக்கம் 0.74 என்று வந்தது. வெளிவிட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கோணல் கண்ணில் பட்டிருக்காது. செம்பு மென்மையானது என்பதால், ராட்செட் (அழுத்தம் போதுமானதும் ஒலித்து நழுவும் திருகுப்பிடி) ஒலித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். பூச்சியக் கோடு சற்றே விலகியிருந்ததை உடன் வந்த சாவியால் சரிசெய்துகொண்டேன். எண்கள் பொறிக்கப்படாமல் வெறுமனே அச்சிடப்பட்டிருப்பதுதான் எனக்கு வருத்தம். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அவை தேய்ந்துவிடும்.