மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர், ஒரு வருஷம் யூஸ் பண்ணதுல தோணுனது

திருப்பூர்ல சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ் நம்மளது, 22 சிஸ்டம், 8 கேமரா, ஒரு டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) சர்வர். முன்னாடி ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) பாத்தவரு எதுக்கு கூப்பிட்டாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"ம்பாரு, வருஷக் காசு மட்டும் கரெக்டா வாங்கிருவாரு. வெறுத்துப்போய் நானே இத வாங்கி மாட்டுனேன்.

கையளவு டப்பாதான், கிகாபிட் போர்ட் அஞ்சு இருக்கு, ஆனா வைஃபை கிடையாது, அதுக்குத் தனியா ஆக்சஸ் பாயின்ட் வாங்கணும், பாக்காம வாங்கிட்டு அப்புறம் திட்டாதீங்க. ரெண்டு நெட் லைன் குடுத்து ஒண்ணு போனா இன்னொண்ணுக்குத் தானா மாறுற மாதிரி வச்சிருக்கேன், ஷிப்மென்ட் நேரத்துல இதுக்கே குடுத்த காசு தகும். கேமராக்கு தனி போர்ட், தனி ஐபி ரேஞ்ச் (நெட்வொர்க் முகவரி வரிசை) குடுத்து பிரிச்சு விட்டதுல டேலி ஸ்லோ ஆகுறதும் நின்னுச்சு. எவன் எவ்ளோ நெட் இழுக்குறான்னு வின்பாக்ஸ்ங்கற இதோட செட்டிங் சாஃப்ட்வேர்லயே தெரியும், ஆளாளுக்கு ஸ்பீடு லிமிட்டும் போடலாம்.

குறைன்னா செட்டிங்ஸ்தான், முதல் தடவ பாத்தா தலை சுத்தும். ஃபயர்வால் ரூல் (எத விடணும், எத தடுக்கணும்ங்கற விதி) ஒண்ண தப்பா போட்டு நானே உள்ள போக முடியாம ரீசெட் அடிச்சு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். சேஃப் மோட்னு ஒரு பட்டன் இருக்குங்க, அத அமுக்கிட்டு மாத்துங்க, கனெக்சன் அறுந்தா பழைய செட்டிங்குக்கே திரும்பிரும். பேக்கப்பும் எடுத்து பென்டிரைவ்ல போட்டு வைங்க.

போன மாசம் ஆபீஸ் பையன் ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் ஒரே சுவிட்ச்ல சொருகி லூப் ஆகி, அதாவது டேட்டா உள்ளயே சுத்திச் சுத்தி வந்து, மொத்த ஆபீஸும் படுத்துருச்சு, அது ரவுட்டர் மேல தப்பில்ல, லூப்ப தடுக்காத சாதா சுவிட்ச் வாங்குன எம்மேல தப்பு. 5க்கு 4.