நாலு ரோடு பக்கம் மக்கள்தொகை பிரமிடுக்குன்னே ஒரு கிளாஸ், 1,200 ரூபா குடுக்கலாமா?

டிஎன்பிஎஸ்சி குரூப் 2க்குப் படிச்சுட்டு இருக்கேன், ஊர் ஏற்காடு, அதுலயும் டவுன்ல இருந்து உள்ள தள்ளி எஸ்டேட் ஓரமா ஒரு சின்ன ஊரு. சேலத்துல நாலு ரோட்டுக்கிட்ட ஒரு கோச்சிங் சென்டர்ல புவியியல் சார் ஒருத்தர் மக்கள்தொகை பாடத்த மட்டும் தனியா நாலு ஞாயித்துக்கிழமை எடுக்கறார்னு ஃப்ரெண்ட் சொன்னா, ஃபீஸ் 1,200. ரெண்டு மூணு கேள்வி வர்ற பாடத்துக்கு இவ்ளோ காசான்னு வீட்டுல கேட்டாங்க. நாலு வாரமும் இருவது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி போயிட்டு வந்துட்டேன், அதனால எழுதறேன். குறையும் சொல்லப் போறேன், சென்டர் பேரு வேண்டாம்.

குறைய மொதல்ல சொல்லிடறேன். மாடி ரூம், மேல தகரக் கூரை, பதினோரு மணிக்கு மேல வேர்வையில பேப்பர் கையோட ஒட்டுது. குடுத்த ஜெராக்ஸ் நோட்ஸ்ல பிரமிடு படத்துலயே (எந்த வயசுல எத்தன ஆம்பளை, எத்தன பொம்பளைன்னு ஒண்ணு மேல ஒண்ணா கோடு போட்டுக் காட்டற படம்) ஆண் பக்கமும் பெண் பக்கமும் மாத்திப் போட்டிருந்தாங்க, சார் பாத்து திருத்தினாரு, இல்லைன்னா அப்படியே மனப்பாடம் பண்ணியிருப்போம் (இடது ஆண், வலது பெண், அடியில குழந்தைங்க, மேல போகப் போக வயசானவங்க). மூணாவது வாரம் ப்ரொஜெக்டர் ஓடவே இல்ல, ஒரு மணி நேரம் போச்சு, அதுக்கு ஈடா இன்னொரு கிளாஸ் கேட்டதுக்கு ஆபீஸ்ல பதிலே வரல.

பாடம் நடத்துனது வேற லெவல். நைஜர் படத்த போர்டுல வரைஞ்சு "இது கோபுரம்"ன்னாரு, அடி அகலம், பாதி ஜனம் பதினஞ்சு வயசுக்குக் கீழ. ஜப்பான் "குடம்", அடி சிறுத்து வயிறு பெருத்து இருக்கும், அங்க நூத்துக்கு 29 பேர் 65 தாண்டினவங்க. கோபுரத்து நாட்டுக்கு பள்ளிக்கூடமும் தடுப்பூசியும் பத்தாது, குடத்து நாட்டுக்கு பென்ஷன் குடுக்க வரி கட்ற ஆள் பத்தாது. இதுவரைக்கும் எல்லா கைடுலயும் இருக்கு.

கைடுல இல்லாதத சொல்றேன். ஜப்பான் படத்த அஞ்சு அஞ்சு வயசா சேக்காம ஒவ்வொரு வயசா போட்டுக் காட்டினாரு, வழவழன்னு போற ஓரத்துல ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் கத்தியால கீறின மாதிரி உள்வாங்கி இருந்துச்சு. 1966. அதுக்கு முந்தின வருஷம் பொறந்தது 18 லட்சம் குழந்தைங்க, அந்த வருஷம் 13.6 லட்சம், அடுத்த வருஷம் 19 லட்சத்துக்கு மேல. போரும் இல்ல பஞ்சமும் இல்ல, அவங்க அறுவது வருஷ சுழற்சியில அது நெருப்புக் குதிரை வருஷமாம், அதுல பொறந்த பொண்ணு புருஷனுக்கு ஆகாதுன்னு நம்பிக்கை. நம்மூரு பெண் மூலம் நிர்மூலம் மாதிரியேதான். நமக்கும் அறுவது வருஷக் கணக்குதான், 1966 பராபவ, 2026ல அதே வருஷம் ரெண்டு பேருக்கும் திரும்ப வருது. ஒரு சொலவடை ஒரு நாட்டோட படத்துல வடுவா நிக்கிறத அன்னிக்குதான் கண்ணால பாத்தேன்.

அப்ப இந்தியாவுக்கும் ஒவ்வொரு வயசா போடுங்க சார்னு ஒருத்தி கேட்டா. போட்டாரு, சீப்பு மாதிரி பல்லு பல்லா நீட்டிட்டு இருந்துச்சு, 30, 35, 40, 45, 50ல எல்லாம் நீளக் கோடு, நடுவுல எல்லாம் குட்டை. நம்ம ஆளுங்க வயசு கேட்டா "அறுவது இருக்கும், எழுவது இருக்கும்"னு முழுசா சொல்லிடுவாங்க, அதான் அது. அஞ்சு அஞ்சு வயசா சேத்து வரையறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு சொன்னப்ப எனக்கு சட்டுனு பிடிபட்டுச்சு.

வீட்டுப்பாடம் அவங்க அவங்க தெருவுக்கு கிராஃப் ஷீட்ல பிரமிடு போட்டுட்டு வரணும். பெரியவங்ககிட்ட வயசு கேக்காதீங்க, சம்பவத்த கேளுங்கன்னு சொல்லி அனுப்பினாரு, சென்சஸ்காரங்களும் அப்படித்தான் கேப்பாங்களாம். எங்க பாட்டி "எழுவது இருக்கும் கண்ணு"ன்னுச்சு. காமராஜர் செத்தப்ப என்ன பண்ணிட்டு இருந்தேன்னு கேட்டேன், "உங்க பெரியப்பனுக்கு அப்பதான் பல்லு மொளைச்சுது, அவனுக்கு முன்னாடி ரெண்டு தங்கல"ன்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேசல. அது 1975, அப்படிக் கணக்குப் போட்டா பாட்டிக்கு எழுவத தாண்டியே இருக்கும். அந்த ரெண்டு பேர எந்தக் கட்டத்துலயும் வரைய முடியாது.

எங்க ஊரு படம் முடிச்சப்ப அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு, நடுவுல 20லருந்து 34 வரைக்கும் ஆம்பளை பக்கம் வெறும் வெள்ளை. எல்லாம் திருப்பூரு, பெங்களூரு, ஒரு அண்ணன் கத்தார்ல. அடுத்த வாரம் சார் கத்தார் படத்த போட்டாரு, அங்க அதே வயசுல ஆம்பளை பக்கம் தொப்பை தள்ளினாப்ல வெளிய வருது, நாட்டுல நாலுல மூணு பேர் கிட்டத்தட்ட ஆம்பளைங்கதான், வயசானவங்கள தேடணும். எங்க ஊருல காலியா இருந்த கட்டத்துல ஒண்ணு அங்க போய் ஒக்காந்திருக்கு.

பக்கத்து பெஞ்சு பொண்ணு ஓமலூர் பக்கம். அவ ஷீட்ல 25-29ல ஆம்பளை பக்கம் 14 கட்டம், பொம்பளை பக்கம் 9. கட்டிக்குடுத்து வெளியூர் போனது, கட்டிட்டு வந்தது எல்லாம் கழிச்சுக் கூட்டிப் பாத்தும் சரி வரல. சார் கொஞ்ச நேரம் அந்த ஷீட்டயே பாத்துட்டு போர்டுல ரெண்டு நம்பர் எழுதினாரு. சேலம் மாவட்டத்துல ஆறு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்கள்ல ஆயிரம் பையனுக்கு எத்தன பொண்ணு, 2001ல 851, 2011ல 916. வேண்டாம்னு விடற பொண்ணுக் குழந்தைங்கள அரசாங்கமே வாங்கிக்கிற தொட்டில் குழந்தை திட்டத்த 1992ல ஆரம்பிச்சதே நம்ம மாவட்டத்துலதான். 2001ல கணக்குல வந்த அந்தக் குழந்தைங்களுக்கு இப்ப இருவத்தஞ்சு முப்பது வயசு ஆகுது. நம்ம பக்கம் பையனுக்குப் பொண்ணு கெடைக்கலன்னு எத்தன வீட்டுல ஜாதகத்த தூக்கிட்டு அலையறாங்க, ஜாதகத்துல ஒண்ணுமே இல்லீங்க, அந்த அஞ்சு கட்டம் அப்பவே வரையாம விட்டது. கிளாஸ்ல யாரும் பேசல, ஃபேன் சத்தம் மட்டும்தான்.

பரிட்சைக்குன்னு பாத்தாலும் பிரயோஜனம் இருக்கு. ஒரு பொண்ணுக்கு 2.1 குழந்தைக்குக் (ஜனத்தொகை கூடாம கொறையாம நிக்கறதுக்கான அளவு) கீழ போயும் இந்தியா ஏன் இன்னும் பெருகுதுன்னு எனக்கு ரொம்ப நாளா புரியல. 2019-21 தேசிய குடும்பநல சர்வேயில நாடு 2.0, தமிழ்நாடு 1.8, பீகார் 3.0. பிரமிடுல நடு வயசுக் கட்டம் ஏற்கெனவே அகலமா இருக்கு, ஆளுக்கு ரெண்டுன்னு பெத்தாலும் பெக்கறவங்க எண்ணிக்கையே ஜாஸ்தி, அந்தக் கட்டம் மேல ஏறி முடியற வரைக்கும் கூடிட்டேதான் இருக்கும். சார்ந்திருப்போர் விகிதமும் (0-14ஐயும் 65 தாண்டினவங்களையும் கூட்டி, 15-64ஆல வகுத்து, நூறால பெருக்கணும்) எங்க தெரு கணக்கையே வெச்சுப் போட வெச்சாரு, இனிமே மறக்காது.

வெறும் எம்சிக்யூ ட்ரிக் வேணும்னா இது உங்களுக்கு செட் ஆகாது, மெதுவாதான் போவாரு. எனக்கு சாருக்கு 5க்கு 5, சென்டருக்கு 5க்கு 2. போறவங்க தண்ணி பாட்டிலும் விசிறியும் எடுத்துட்டுப் போங்க, கிராஃப் ஷீட்டு கீழ இருக்கற ஜெராக்ஸ் கடையிலயே கெடைக்கும், ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா வாங்கிக்கோங்க, தெரு கணக்கெடுக்கப் போனா மொத ஷீட்டுல முடியாது.