கவுட்டுக்கு ‘மூலிகை கேப்சூல்’: ஒரே இரவில் வலி நின்றால் பயப்படுங்கள்

இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டில் படிகமாகப் படிவதால் வருவது கவுட். கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. அந்த நேரத்தில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கத் தோன்றும். அதைத்தான் இந்த வியாபாரிகள் பயன்படுத்துகிறார்கள்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் பாதுகாவல் வேலை பார்க்கும் ஒருவர் ஏமாந்த விதம் இது. வயது அறுபதைத் தாண்டியவர். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, அறுபது கேப்சூல் அடங்கிய டப்பாவை 45 வெள்ளிக்கு வாங்கினார். பணம் பேநவ்வில் (கைபேசிவழிப் பணப்பரிமாற்றம்) போனது. பொருளைப் புளோக்கின் கீழே வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். லேபிளில் நெருஞ்சில், சுக்கு, மஞ்சள் என்று எழுதியிருந்தது. தயாரித்தவர் முகவரியோ, இறக்குமதி செய்தவர் பெயரோ, தொகுப்பு எண்ணோ இல்லை.

“அண்ணே, ராத்திரி ஒண்ணு போடுங்க, காலையில நடந்து போவீங்க” என்றார் விற்றவர். அப்படியே நடந்தது. மறுநாள் காலை வீக்கம் பாதி வடிந்திருந்தது, பசியும் நன்றாக எடுத்தது. தினம் இரண்டு என்று, டப்பா தீரத் தீர வாங்கி, நான்கு மாதம் சாப்பிட்டார்.

அந்த விளம்பரத்தில் இரண்டு இரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருந்தன: மருந்துக்கு முன் யூரிக் அமிலம் 520, பின் 8.4. பார்த்தவுடன் அற்புதமாகத் தெரியும். ஆனால் முதல் எண் லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்ற கணக்கு, சிங்கப்பூர் ஆய்வகங்கள் தருவது. இரண்டாவது டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. மில்லிகிராம் எண்ணை 59.5 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 8.4 என்பது ஏறத்தாழ 500. குறைந்தது வெறும் 20தான். யாராவது இப்படித் தாள் காட்டினால் முதலில் அலகைப் பாருங்கள்.

நான்காவது மாதம் அவர் முகம் உருண்டையாகிவிட்டது, கையில் லேசாக இடித்தாலும் நீலம் பாய்ந்தது, நாற்காலியைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. சர்க்கரை கட்டுக்கு அடங்கவில்லை. கடைசி டப்பா தீர்ந்தபோது விற்றவரின் எண் இயங்கவில்லை. மாத்திரை ஒரே நாளில் நின்றது. சில நாள்களில் வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் சரிவு, அவசரப் பிரிவு. கேப்சூலுக்குள் இருந்தது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு என்று பரிசோதனையில் தெரிந்தது. யூரிக் அமிலமோ 560-இல் நின்றது. முழங்கையில் உப்புக் கட்டியும் (யூரிக் அமிலப் படிகம் திரண்ட கட்டி) வந்திருந்தது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. முதலாவது, டெக்ஸாமெத்தசோன் வெறும் 0.75 மில்லிகிராம், மருத்துவர்கள் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டின் 5 மில்லிகிராமுக்குச் சமம். அது வீக்கத்தை அடக்கும். மூட்டில் படிந்திருக்கும் யூரிக் அமிலப் படிகத்தைக் கரைக்காது. வலி இல்லாமலே மூட்டு அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது, வெளியிலிருந்து வாரக்கணக்கில் ஸ்டீராய்டு வந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரை நின்றால் உடலுக்கு வேண்டிய கார்ட்டிசால் (அந்தச் சுரப்பி தரும் இயற்கை ஸ்டீராய்டு) எங்கிருந்தும் வராது. அவருக்கு நேர்ந்தது அதுதான். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

ஸ்டீராய்டே விஷம் என்று சொல்லவில்லை. கவுட் வலிக்கு மருத்துவர்களே பிரெட்னிசோலோன் தருவார்கள்: நாளுக்கு 30 முதல் 35 மில்லிகிராம், மூன்று முதல் ஐந்து நாள், சர்க்கரையைக் கவனித்தபடி. அளவும் தெரியும், நிறுத்தும் நாளும் தெரியும். கள்ளக் கேப்சூலில் இரண்டுமே தெரியாது. சிலவற்றில் டைக்ளோஃபெனாக் போன்ற வலிமருந்தும் கலந்திருக்கும்; ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவருக்கும், இரத்தக் கொதிப்பு மாத்திரையோடு நீர் மாத்திரையும் சாப்பிடுபவருக்கும் அது சிறுநீரகத்தைச் சாய்த்துவிடக்கூடும். தூக்கம் வந்தால் அலர்ஜி மருந்தும் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் இப்படிக் கலப்படம் செய்த மூட்டுவலி மருந்துகளைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது.

இப்போது இப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பயந்துபோய் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். டப்பாவோடு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாளாக, தினம் எத்தனை என்று எழுதிக்கொண்டு போங்கள். காலை வேளை கார்ட்டிசால் பார்த்து, அளவு தெரிந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, படிப்படியாகக் குறைப்பார்கள். வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். ஸ்டீராய்டு இருக்கலாம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இந்த வியாபாரம் நடப்பதற்கு முக்கியக் காரணம் வேறொன்று. “கிளினிக் மாத்திரை போட்டதும் வலி கூடிச்சா? பாத்தீங்களா!” என்பார்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரையைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி வருவது உண்மைதான். யூரிக் அமிலம் இறங்கும்போது பழைய படிகங்கள் கலைவதால் வரும் வலி அது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். இதைத் தடுக்கத்தான் கோல்கிசின் என்ற மாத்திரை 0.5 மில்லிகிராம் தினம் ஒன்று அல்லது இரண்டு, மூன்று முதல் ஆறு மாதம் கூடவே தருவார்கள். அதைத் தராமல் அல்லோபியூரினாலை மட்டும் கொடுத்து அனுப்பினால், கோல்கிசின் வேண்டாமா என்று நீங்களே கேளுங்கள். பலரும் மருந்தை விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

அல்லோபியூரினால் 100 மில்லிகிராமில் தொடங்கும், சிறுநீரகம் பலவீனமென்றால் 50. சில வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து மருந்தின் அளவை ஏற்றி, யூரிக் அமிலத்தை 360 மைக்ரோமோலுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். உப்புக் கட்டி இருந்தால் 300-க்குக் கீழே. முதல் மூன்று மாதத்தில் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரிதாக வரும் இந்த ஒவ்வாமை கொடியது. மற்றபடி வலி வந்தாலும் அல்லோபியூரினாலை நிறுத்தக் கூடாது. வலியின்போது எடுக்கும் இரத்தத்தில் யூரிக் அமிலம் சரியாக இருப்பதுபோலக் காட்டலாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

வலி கிளம்பிய முதல் 12 மணி நேரத்துக்குள் கோல்கிசின் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5. அன்றைக்கு அதற்கு மேல் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் அளவு மிஞ்சியிருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஐஸைத் துண்டில் சுற்றி 20 நிமிடம் வைக்கலாம். மூட்டு வீங்கிக் காய்ச்சலும் குளிரும் இருந்தால், அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை.

சாப்பாட்டில் பியர், ஈரல், நெத்திலி, சர்க்கரை பானம் குறைத்தால் போதும். சாம்பார்ப் பருப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

செலவுக்குப் பயந்தும் பலர் 45 வெள்ளி டப்பாவிடம் போகிறார்கள். அரசின் நாள்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் கவுட்டும் உண்டு. பலதுறை மருந்தகத்திலோ திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகத்திலோ மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம்; தனியார் மருந்தகத்தில் சாஸ் என்ற அரசுச் சலுகை அட்டையையும் காட்டிக் கேட்கலாம்.

வாங்கி ஏமாந்தவர்கள் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்சக் கேப்சூல், லேபிள் படம், விற்றவரின் குறுஞ்செய்திகள், பேநவ் ரசீது எல்லாவற்றையும் வைத்துச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் புகார் கொடுங்கள். அதே குழுவில் இன்னொருவர் இன்றைக்கும் அதை வாங்கிக்கொண்டிருப்பார்.