முதுகுவலிப் படுக்கை விற்க வீடு வீடாக வருகிறார்கள், 1,880 வெள்ளி போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் பகலில் வயதான அம்மா அப்பாவை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். 1,880 வெள்ளி. அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த காசு.

அம்மாவுக்குக் கடுமையான இடுப்பு வலி. சில நாள் காலையில் சுவரைப் பிடித்தால்தான் கட்டிலை விட்டு எழவே முடியும். ஒரு சனிக்கிழமை ஒரு பெண்ணும் ஒரு பையனும் வந்து கேட்டைத் தட்டினார்கள். கழுத்தில் அட்டை, கையில் விளம்பரத் தாள், "மூத்தோருக்கு இலவச முதுகெலும்புப் பரிசோதனை" என்று. நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. அந்தப் பெண் நல்ல தமிழில், "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அம்மா கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. அம்மா காலடியில் தரையில் உட்கார்ந்தார். ஊர் விசாரித்தார். தஞ்சாவூர்ப் பக்கம் என்றதும், "எங்க அப்பாவுக்கு மன்னார்குடிதாம்மா" என்றார். பிறகு எழுந்து பின்பக்கம் போய், இடுப்புக்குச் சற்று மேலே கட்டைவிரலால் அழுத்தி, "இங்கதானே வலி? எல் ஃபோர், எல் ஃபைவ். எங்க அம்மாவுக்கும் இதே இடந்தான்." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். வலிக்கிற இடத்தை ஒருத்தி வந்து தொட்டுக் காட்டியதும் முழுசாக நம்பிவிட்டார். எல் ஃபோர், எல் ஃபைவ் என்றால் கீழ்முதுகின் கடைசி இரண்டு எலும்புகள்; கீழ்முதுகு வலி என்று வருகிற பெரும்பாலானோருக்கு அந்தப் பக்கம்தான் வலிக்கும் என்பது அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

பச்சைக் கல் பதித்த சூடேற்றும் விரிப்பு ஒன்று, இடுப்புப் பட்டை ஒன்று. அகச்சிவப்புக் கதிர் நரம்பைத் திறக்குமாம், முதுகெலும்புகளுக்கு நடுவே தேய்ந்துபோன டிஸ்க் வளருமாம். மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான சுகாதார அறிவியல் ஆணையம் ஒப்புதல் கொடுத்த கருவி என்று ஒரு அட்டையைக் காட்டினார்கள். "வலி மாத்திரையை நிறுத்திடுங்கம்மா, கிட்னி போயிடும். தினமும் ரெண்டு மணி நேரம் இதுல படுங்க போதும்." இன்றைக்கு மட்டும் 1,880 வெள்ளி, நாளைக்கு 3,000 என்றார்கள். போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்வில் அங்கேயே பணம் போனது.

அம்மாவுக்கு நீரிழிவு. பாதத்திலும் முதுகிலும் சூடு சரியாக உறைக்காது. இதை அந்தப் பெண்ணிடம் சொல்லவும் சொன்னோம். "அவங்களுக்குத்தான் இது ரொம்ப நல்லது" என்றார். சில நாளிலேயே அம்மாவின் முதுகில் கல் பதிந்திருந்த வரிசைப்படியே வட்ட வட்டமாகச் சிவந்து, இரண்டு இடத்தில் நீர் கோத்திருந்தது. வலி துளி குறையவில்லை.

விற்றவர்களுக்கு உடனே போன் செய்தேன். "கெட்ட ரத்தம் வெளிய வருது அக்கா, நல்ல அறிகுறி" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. மேனேஜர் திங்கட்கிழமை பேசுவார். திங்கட்கிழமை கேட்டால் மேனேஜர் ஜோகூர் போயிருக்கிறார், டெக்னீஷியன் வந்து பார்ப்பார். டெக்னீஷியன் வரவே இல்லை. கடைசியில், "பெட்டியைப் பிரிச்சா ரிட்டர்ன் இல்லை, 400 வெள்ளி கூடக் கட்டினா புது மாடல் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. அதன்பிறகு எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

இதெல்லாம் ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து பொருளை விற்றால், சனி, ஞாயிறு, பொது விடுமுறை கழித்து 5 நாளுக்குள் எழுத்தில் ரத்துசெய்ய இங்கே சட்டத்தில் உரிமை இருக்கிறது. அதை வாங்குகிறவரிடம் தெரிவிக்க வேண்டியதே விற்கிறவர்தான். அப்படித் தெரிவிக்கிற தாள் எதையும் எங்களுக்குத் தரவில்லை. மேனேஜர், டெக்னீஷியன் என்று இழுத்தடித்ததே அந்த 5 நாளைக் கடத்தத்தான். சுகாதார அறிவியல் ஆணையத்தின் மருத்துவக் கருவிப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். தேடிப் பார்த்தேன். அந்தக் கருவியின் பெயரே இல்லை. ரசீதில் நிறுவனப் பதிவு எண்ணும் கிடையாது.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டர் முதுகைப் பார்த்ததுமே தீக்காயம் என்றுவிட்டார். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார், பதில் சொல்ல வாய் வரவில்லை. பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வலிக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கப் படுத்தே கிடக்கக் கூடாது, முடிந்த அளவு வீட்டுக்குள்ளேயாவது நடக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே தலையணை. ஒத்தடம் என்றால் துணியில் சுற்றி 15, 20 நிமிடம், அவ்வளவுதான். நீரிழிவுக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் சூடு வைக்கவே வேண்டாம். கால் மரத்துப்போனாலோ பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடையிடுக்கில் உணர்வு போனாலோ ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

வாசலில் யாருக்கும் பேநவ் செய்யாதீர்கள். பேசுவதை எல்லாம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டேன். அடுத்து சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே போகலாம், 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 1,880 வெள்ளியை விடப் போவதில்லை.

அந்த இரண்டு பேரும் நேற்று பக்கத்து புளோக்கில் ஏறியதைக் கீழ்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) பார்த்திருக்கிறார். இன்றைக்கே உங்கள் அம்மா அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.