சிவப்பு வழியா, பச்சை வழியா? வன்னிக்குப் பெட்டி கொண்டுவருகிறவர்களுக்கு

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளிக்கிட்டு இரவிரவாக ஓடிவரும் வான் விடியப்புறம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கின பிறகுதான் கதை தொடங்கும். "என்ன மாதிரி, கஸ்டம்ஸில காட்டினியோ, சும்மா வந்திட்டியோ?" சும்மா வந்தவன் கெட்டிக்காரன். காட்டி வரி கட்டினவன் விசரன்.

இந்தக் கணிப்பு எங்கிருந்து வந்தது என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் அரசின் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் வவுனியாவைத் தாண்டிப் பற்றரியும் பெற்றோலும் வர விடமாட்டார்கள். ஒளித்துக் கொண்டுவந்தவரால்தான் வீட்டில் வெளிச்சம். அந்தத் தடைமுகாமில் 'இந்தா இருக்கு, வரியைச் சொல்லுங்கோ' என்று கேட்க ஒரு வழி இருக்கவில்லை. விமான நிலையத்தில் அந்த வழிக்குச் சிவப்பு வர்ணமே அடித்து வைத்திருக்கிறார்கள்.

சிவப்பு வழியில் கரைச்சல் இல்லை என்று சொல்லமாட்டேன். மறித்து வைப்பார்கள், பெட்டியைக் கிண்டுவார்கள், பில் இல்லாத பொருளுக்கு அவர்கள் போடும் விலை உங்களுக்குப் பிடிக்காது. வெளியில் வான்காரர் கோல் மேல் கோல் எடுப்பார். ஆனால் கட்டவேண்டிய தொகை இன்னதென்று கையில் தருவார்கள். கட்டினால் பொருள் உங்களுடையது.

பச்சை வழியில் கால் வைத்தாலே 'காட்ட ஒன்றுமில்லை' என்று வாயால் சொன்ன மாதிரித்தான். எக்ஸ்ரேயில் பிடிபட்ட பிறகு "தெரியாது ஐயா, இப்ப கட்டுறன்" என்பது எடுபடாது. 1869 ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டளைச் சட்டம் பொருளைப் பறிமுதல் செய்ய இடம் கொடுக்கிறது; அதன் பெறுமதியில் மூன்று மடங்கு வரை தண்டமும் போடலாம். ஐந்து லட்சத்துச் சாமான் என்றால் அந்த ஐந்தும் போய், மேலே பதினைந்து வரை போகலாம். தண்டம் கட்டினால் சாமானைத் தந்துவிடுவார்கள் என்பது ஊரில் பரவியிருக்கும் நம்பிக்கை. தண்டம் வேறு, பறிமுதல் வேறு.

2023 மே மாதம் புத்தளம் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் சுமார் 3.5 கிலோ தங்கத்தோடும் கைத்தொலைபேசிகளோடும் கட்டுநாயக்கவில் பிடிபட்டார். பிரமுகர் வழியால் வந்தவர். 75 லட்சம் ரூபா தண்டம். தங்கமும் ஃபோன்களும் அரசுக்கு. பையை அடுக்கியது வேறு ஆள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். கட்டாரில் அறைத் தோழன் தந்த பொதியை 'உள்ளுக்க உடுப்புத்தான்' என்று நம்பி ஏற்றும் எங்கட பொடியன்களும் இதைத்தான் சொல்லப் போகிறார்கள். எம்பிக்கே எடுபடாத கதை.

காசு விஷயம் வேறு. 15,000 அமெரிக்க டொலருக்கு மேல் கொண்டுவந்தால் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்கு ஒரு சதமும் வரியில்லை. வரி வரும் என்ற பயத்தில் காற்சட்டைக்குள் தைத்து ஒளிப்பவர், செலவே இல்லாத ஒன்றுக்காகக் காசையே பணயம் வைக்கிறார்.

இனித் திரும்பிப் போகும் பக்கம். கனடாக்காரருக்கு வில்லங்கம் கிளிநொச்சியில் கலியாணத்துக்குச் செய்வித்த நகை. 48 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் நின்றவருக்கு 800 கனேடிய டொலர் வரை சலுகை. மிச்சத்தைக் காட்டினால் வரியோடு முடிந்தது. காட்டாமல் பிடிபட்டால் பறித்துவிட்டு, மீட்பதற்கு அநேகமாகப் பெறுமதியில் 25 முதல் 80 வீதம் வரை கேட்பார்கள். எங்கட சுங்கத்தைவிட இது இளக்கம் போலத் தெரியும். ஆனால் பெயர் பதிவாகிவிடும். அடுத்த முறை வரும்போதும் தனியே கூப்பிடக்கூடும். பழைய தாலிக்கொடியோடு ஊருக்கு வருகிறவர்கள், கனடாவிலிருந்து வெளிக்கிடும்போதே படமும் மதிப்பீட்டுக் கடிதமும் எடுத்து வைத்தால், ஊரில் வாங்கியதோ என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

அவுஸ்திரேலியாவில் நகையைவிடக் கருவாடு பெரிய வில்லங்கம். முல்லைத்தீவுக் கருவாடு, தேன், இறைச்சி வத்தல், ஒடியல் எல்லாவற்றுக்கும் வருகை அட்டையில் 'ஆம்' என்று அடையாளமிட்டால், அதிகாரி பார்த்து உள்ளே கொண்டுபோக விடுவார், அல்லது குப்பையில் போடுவார். தண்டம் இல்லை. 'இல்லை' என்று போட்டுவிட்டு நாய் மோப்பம் பிடித்தால் பல ஆயிரம் டொலர் வரை போகலாம். தற்காலிக விசாவையே இரத்துச் செய்யலாம். 2019 ஒக்ரோபரில் பன்றி இறைச்சியை மறைத்த ஒரு வியட்நாம் பெண்ணைச் சிட்னியிலிருந்து அப்படியே திருப்பி அனுப்பினார்கள். காணி ஈடுவைத்து மகனைப் படிக்க அனுப்பிய வீட்டுக்கு அந்தக் கருவாடு என்ன விலை?

ஆகவே புதுக்குடியிருப்பில் பெட்டி அடுக்கும் அம்மாமாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். கருவாட்டைச் சாரத்துக்குள் சுற்றிக் கீழே தள்ளாதேங்கோ அம்மா. மேலே வையுங்கோ. பிள்ளை திறந்து காட்டட்டும்.