பணகுடிப் பக்கம் கல்வேலி கட்டும் குழு: நம்பிக் கொடுக்கலாமா?

மகேந்திரகிரி அடிவாரத்தில் எனக்கு 3 ஏக்கர் செவல் காடு. காணமும் எள்ளும் விதைத்தால் பாதி பன்றிக்குத்தான். முள்கம்பியை மூக்கால் தூக்கிவிட்டு உள்ளே வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் குழுவைக் கூப்பிட்டேன். சிமெண்டும் கிடையாது, சாந்தும் கிடையாது. காட்டில் கிடக்கும் கல்லையே பொறுக்கி அடுக்கித் தருகிறார்கள்.

வேலை சுத்தம். நூல் பிடித்து, குண்டுக்கல்லை மண்ணுக்குள் பதித்து, இரண்டு முகமாக எழுப்பி, நடுவே சில்லுக்கல்லைத் திணிக்கிறார்கள். அடி அகலம், மேலே போகப்போகக் குறுகல். சந்துகளைப் பூசிவிடலாமே என்று கேட்டேன். "பூசிட்டா ஆடிக் காத்து தள்ளிரும் அண்ணாச்சி, சந்து கெடக்கட்டும்" என்றார் மூத்த கொத்தனார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை அறிந்தவர் பேச்சு.

மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருப்பதால் யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பக்கம் போயிருக்கிறேன். அங்கேயும் இதேபோல் சாந்தில்லாக் கல்வேலிதான். கிராசிங்டன் ஊருக்கு மேலே, சுண்ணாம்புக்கல் மேட்டில், இரும்புக் காலத்திலிருந்து ரோமர் ஆட்சி (கி.பி. 43 முதல் சுமார் 410) வரை உழுத வயல்களின் எல்லை இன்றும் தெரிகிறது. புல் மூடிய தாழ்ந்த கல்வரப்புதான். மலை மேல் நேர்கோடாக ஏறும் உயரச் சுவர்களைப் பார்த்து ரோமர் காலம் என்று எண்ணிவிட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலத்தைத் தனித்தனியாகப் பிரித்து அடைத்தபோது எழுந்தவை. பழையது வேறு ரகம். சின்னச் சின்ன வயல், பார்லி, கோதுமை, ஆடு மாடு. கலப்பைக்கு இடைஞ்சலான கல்லை ஓரத்தில் ஒதுக்கியதே வேலிக்கும் ஆனது. சரிவில் உழ உழ இறங்கிய மண் அதில் தட்டி நின்று வயல் படிபடியாக ஆகிவிட்டது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் சென்னர் பக்கம் ரோமருக்கு முந்தைய குண்டுக்கல் வரப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

என் காட்டிலும் அதே கணக்குதான். கல் ஒழிந்ததும் கலப்பைக் கொழு உடைவது நின்றது. ஐப்பசி மழையில் ஓடிவந்த செம்மண் வேலியடியில் சாண் உயரம் ஏறிக் கிடக்கிறது. கம்பிவேலி இதைச் செய்யுமா?

குறையும் உண்டு. மூத்தவர் வராத நாளில் இளவட்டங்கள் கட்டிய மேற்கு வேலியில், இரு முகத்தையும் கோத்துப் பிடிக்கும் நீளக்கல்லே இல்லை. ஓரிடம் வயிறு தள்ளிவிட்டது. சொன்னதும் வந்து பிரித்துக் கட்டினார்கள், சரி. அதற்கும் கூலி கேட்டதுதான் நியாயமில்லை. முள்கம்பியைவிடச் செலவும் கூடுதல். பன்றி இதுவரை தாண்டவில்லை, கீரிதான் குடிவந்திருக்கிறது.

5க்கு 4 கொடுப்பேன். கூப்பிடுகிறவர்கள் அடிக்கணக்கு பேசாமல் நாள்கூலி பேசுங்கள், அடிக்கணக்கு என்றால் நடுச்சில்லு குறையும். அப்புறம், மழைத்தண்ணீர் இறங்கும் பக்கம் வழி விடும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களாக வழி விடமாட்டார்கள்.