அழித்தாலும் திரும்பி வந்த செக் இன்ஜின் லைட்

எங்கள் வீட்டில் இருப்பது பிஎஸ்4 மாசு விதிப்படி வந்த பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். வாரன்டி முடிந்து கொஞ்ச காலத்தில் டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறைச் சொல்லும் செக் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. இழுவை குறையவில்லை, புதுச் சத்தம் எதுவும் இல்லை, ஐடிலிங்கும் சீராக இருந்தது. ஊருக்குள் ஓட்டும்போது மைலேஜ் மட்டும் இறங்கியிருந்தது. சர்வீஸில் ஸ்கேனர் போட்டு எரரை அழித்துக் கொடுப்பார்கள். சில நாளில் லைட் திரும்ப வரும். பெட்ரோல் சரியில்லை என்றார்கள், ப்ளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். பில் ஏறியதே தவிர லைட் போகவில்லை.

எரரை அழிப்பது ரிப்பேர் ஆகாது. பல கோளாறுகளுக்கு, அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே தப்பு தெரிந்தால்தான் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு அந்த லைட்டைப் போடும். அதனால் அழித்த கையோடு ஒரு டெஸ்ட் டிரைவ் போனால் எல்லாம் சரியானது போலத் தெரியும். அழிக்கும்போது இன்னொரு நஷ்டமும் உண்டு. கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில், எவ்வளவு சூட்டில் இருந்தது என்று சேமித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் சேர்ந்தே போய்விடும். கண்டுபிடிக்கக் கையில் இருக்கும் தடயமே அதுதான். அழிக்கும் முன் எந்தக் கோளாறு என்று சொல்லும் எரர் கோடு எண்ணைக் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் போனோடு இணையும் ஈஎல்எம்327 ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே கோளாறு பார்ப்பதற்கென்றே இருக்கும் 16 பின் ஓபிடி போர்ட்டில் செருகிப் பார்த்தேன். வந்த கோடு பி0135. புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்து, புகையில் உள்ள ஆக்சிஜனைப் பார்த்து ஈசியுவுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். சர்க்யூட் என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபியூஸ் போயிருந்தாலும், எலி ஒயரைக் கடித்திருந்தாலும், ஒயர்கள் இணையும் கப்ளரில் துரு ஏறியிருந்தாலும் இதே கோடு வரும். கோடைப் பார்த்ததும் பார்ட் வாங்க ஓடக் கூடாது.

இந்தச் சென்சார் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சீக்கிரம் சூடாகத்தான் உள்ளேயே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அதனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, சென்சார் அளவுகளை உடனுக்குடன் காட்டும் லைவ் டேட்டாவை ஸ்கேனரில் பார்த்தேன். நல்ல சென்சார் சீக்கிரமே 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கத் தொடங்கும். இதுவோ 0.45 பக்கத்திலேயே அசையாமல் நின்றது. சைலன்சர் பைப் புகையிலேயே நன்றாகச் சூடான பிறகுதான் உயிர் வந்தது. அதுவரை பெட்ரோல் அளவைத் திருத்த ஈசியுவுக்கு வழியில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும் ஓட்டங்களில் மைலேஜ் அடிவாங்கியது ஏன் என்று அப்போது புரிந்தது. சர்வீஸுக்கு வண்டி எப்போதும் சூடாகத்தான் போகும். அங்கே லைவ் டேட்டா பார்த்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது.

அப்புறம் மல்டிமீட்டர் வேலை. தெரிந்த மெக்கானிக் ஒருவர் கூட நின்றார். சென்சாரின் நான்கு ஒயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருடையவை. நல்ல ஹீட்டர் என்றால் சில ஓம்ஸ் காட்ட வேண்டும்; மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை, அதாவது ஹீட்டர் உள்ளே அறுந்திருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு வண்டிப் பக்கக் கப்ளரில் அளந்தால் பேட்டரி வோல்டேஜ் சரியாக வந்தது. “ஒயரிங் மேல பழி இல்ல சார், சென்சாரே போயிருச்சு” என்றார்.

புதுச் சென்சாருக்குச் சில ஆயிரம் ஆனது. பாதி விலையில் டூப்ளிகேட் கிடைக்கிறது, வேண்டாம். கழற்றும் முன் மரையில் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டோம். ஒயர் நுழைய வெட்டு விட்ட ஆக்சிஜன் சென்சார் சாக்கெட் இல்லாமல் சாதா ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். புதியதன் முனையில் கிரீஸோ எண்ணெயோ கை விரலோ படக் கூடாது. மாட்டிய மறுநாள் காலையே அளவு துள்ள ஆரம்பித்தது. வருடங்கள் ஆகிவிட்டன, அந்தக் கோடு திரும்ப வரவில்லை; ஊருக்குள் மைலேஜும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ஸ்கேனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதன் விலைக்கு இவ்வளவு உழைத்த பொருள் எங்கள் வண்டியில் வேறில்லை. ஆனால் நாள் முழுக்கச் செருகியே வைத்தால் வண்டி நிற்கும்போதும் பேட்டரியை உறிஞ்சும். பார்த்ததும் கழற்றிவிட வேண்டும். சாதாரண ப்ளூடூத் மாடல் ஐபோனில் வேலை செய்யாது, அதற்கு வைஃபை மாடல் போல ஐபோனுக்கு ஏற்றதைப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளை இது பெரும்பாலும் படிக்காது. ஈசியு பெட்ரோல் அளவை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் ட்ரிம் மட்டும் மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பேன். கூட்டியோ குறைத்தோ பத்து சதவீதத்துக்குள் நின்றால் கவலைப்படுவதில்லை.

நான் பொறுமையாகத் தேட முடிந்தது லைட் நிலையாக எரிந்ததால்தான். அது விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையே பொசுக்கிவிடும். அப்போது ஸ்கேனரைத் தேடிக்கொண்டிருக்காமல் வண்டியை ஓரம் கட்ட வேண்டும்.

சித்தப்பா மகன் பழைய கார் பார்க்கப் போனபோதும் இந்த ஸ்கேனரை எடுத்துப் போனோம். லைட் எரியவில்லை, கோடும் இல்லை. ஆனால் ஈசியு தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர் பக்கத்தில் பெரும்பாலானவை முடியாத நிலையில் இருந்தன. பேட்டரியைக் கழற்றியிருந்தாலோ யாரோ சமீபத்தில் எரரை அழித்திருந்தாலோ பெரும்பாலும் அப்படிக் காட்டும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி காட்டுங்கள் என்று கேட்டோம். விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு கார் பார்த்தோம்.